பதினோராவது துளை

மார்ச் 4, செவ்வாய்

காலை எட்டுக்கே வெயில் சுள்ளென்று. வெள்ளானூரிலிருந்து அம்பத்தூர் வந்துசேர ஒரு மணி நேரம். தொப்பியை மறந்துவிட்டேன். ஐஸ் பெட்டி, கண்ணாடிப் புட்டிகள், கையுறை, லேபிள் எல்லாம் சரி. பேனா இரண்டும் எழுதவில்லை.

இடம்: மூடிக்கிடக்கும் பிளேட்டிங் கம்பெனி. சைக்கிள் ஹேண்டில்பார், குழாய், கைப்பிடிக்கெல்லாம் குரோம் முலாம் பூசிய இடம். இனி அடுக்குமாடி வரப்போகிறது. கட்டுவதற்கு முன் மண் எப்படி இருக்கிறதென்று பார்த்து அறிக்கை கொடுப்பது எங்கள் வேலை. பத்து இடங்களைக் குறித்து வரைபடம் கொடுத்திருக்கிறார்கள். பத்தும் ஷெட்டுக்குள், கெட்டித் தரைக்கு அடியில். இன்று ஆறு துளை முடிந்தது. மண் சாதாரணமாகத்தான் தெரிகிறது.

காவலாளி பெயர் ஏழுமலை. அறுபது வயது இருக்கும். இதே கம்பெனியில் இருபது வருடத்துக்கு மேல் முலாம் தொட்டியில் வேலை பார்த்தவர். மூடியபின் பூட்டுக்குக் காவல். வீடு பின்சுவரை ஒட்டிய வரிசையில். எனக்கும் டீ வாங்கிவந்தார்.

"உள்ளயே நோண்டிகினு கீறீங்களேம்மா. ஊத்துனதெல்லாம் பின்னாலல்ல?"

"என்ன ஊத்துனீங்க?"

"தொட்டி கழுவுன தண்ணி. மஞ்சளா இருக்கும். பெரிய பள்ளம் வெட்டி வச்சிருந்தாங்கோ. அப்பால மூடிட்டு மேல செங்கல்லு கொட்டிட்டாங்கோ."

வரைபடத்தில் பள்ளமே இல்லை.

மார்ச் 5, புதன்

மிச்ச நான்கும் மதியத்துக்குள் முடிந்தன. துளை போடும் மணியிடம், பின்னால் இன்னும் ஒன்று போடலாமா என்றேன்.

"லிஸ்ட்ல இல்லியே மேடம்."

"நான் பாத்துக்கறேன்."

இதைச் சொன்னபோது ரொம்பத் தைரியமாக உணர்ந்தேன்.

செங்கல்லை ஒதுக்கவே அரை மணி. இரண்டடியில் நல்ல மண். ஐந்தடியில் பச்சை கலந்த மஞ்சள். பத்தடியில் தண்ணீர் ஊறியது. அதுவும் மஞ்சள். மணி விலகி நின்றுகொண்டார். "நான் சொன்னேன்ல?" என்றார் ஏழுமலை. ஜெயித்தவர் மாதிரிச் சிரித்தார்.

பிறகு துடைப்பத்திலிருந்து ஒரு ஈர்க்குச்சியை உருவினார். ஒரு மூக்குத் துவாரத்தில் விட்டார். மறு துவாரத்தில் வந்தது. மூக்கின் நடுத்தண்டில் ஓட்டை.

"தொட்டி மேல வர்ற ஆவிம்மா. எங்க செட்டுல எல்லாருக்கும் கீது. கம்பெனி டாக்டர் சளின்னாரு."

லேபிள் எழுதினேன். துளை 11.

அவர் வீட்டு அடிபம்பில் ஒரு புட்டி பிடித்தேன். தெளிவாகத்தான் இருந்தது. மனைவி அம்சா சும்மா பார்த்துக்கொண்டிருந்தார். மகள் பிரசவத்துக்கு வந்திருக்கிறாள், ஏழாம் மாதம். பம்படியில் அரிசி களைந்துகொண்டிருந்தாள். பள்ளத்திலிருந்து பம்பு வரை, சுவரைச் சுற்றாமல் கணக்குப் போட்டால், முப்பது அடிகூட இராது.

மார்ச் 14, வெள்ளி

லேப் முடிவு வந்தது. ஒன்றிலிருந்து பத்து வரை பரவாயில்லை. பதினொன்றில் குரோமியம், அதிலும் விஷமான வகை. அனுமதித்த அளவுக்குப் பல மடங்கு. அடிபம்புத் தண்ணீரிலும் இருக்கிறது. அவ்வளவு இல்லை. ஆனால் குடிக்கக்கூடாத அளவு.

எங்கள் மேலாளர் ஸ்ரீதர் சாரிடம் கொண்டுபோனேன். இரண்டு தடவை படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"ஒப்பந்தத்துல எத்தனை துளைம்மா?"

"பத்து சார்."

"அப்ப இது எதுக்கு?"

சொன்னேன். முழுவதும் கேட்டார், குறுக்கே பேசவில்லை. பிறகு கட்டட வரைபடத்தை விரித்து விரலை வைத்தார். "அங்க வீடு வரல பாருங்க. பார்க்தான் வருது. யாரும் குடியிருக்கப் போறதில்ல."

"குழந்தைங்க விளையாடுமே சார்."

வரைபடத்தைச் சுருட்டினார். திங்கள் பேசலாம் என்றார்.

பால், தக்காளி, கணவன் பாஸ்கரின் சட்டை இஸ்திரி. மூன்றையும் மறந்தேன்.

மார்ச் 17, திங்கள்

பேசினார். கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

"நாம பதினொண்ணுன்னு எழுதுனா இன்னொரு கம்பெனிகிட்ட போவாங்க. அவன் ஒரு வாரத்துல பத்துன்னு எழுதிக் குடுத்துருவான். மண்ணு அப்படியேதான் கெடக்கும் நிர்மலா. நம்ம பேருல ஒருத்தரும் வேலை குடுக்க மாட்டாங்க. அவ்வளவுதான் வித்தியாசம்."

அறிக்கையில் பத்து. 'குறிக்கப்பட்ட இடங்களில் மண் ஏற்கத்தக்க நிலையில் உள்ளது.' ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. தயாரித்தவர் என்ற இடத்தில் என் பெயர். கையெழுத்துப் போட்டேன்.

மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவில்லை.

மார்ச் 18, செவ்வாய்

எங்கள் ஆபீசுக்கு வெளியே டீக்கடையிலிருந்து, மாசு பற்றிப் புகார் வாங்கும் அரசு அலுவலகத்துக்குப் போன். மூன்று பேரிடம் மாற்றினார்கள். மூன்றாவது பெண் பொறுமையாகப் பேசினாள். எழுத்தில் புகார் வேண்டும், பெயர், முகவரி, ஆய்வு முடிவின் நகல். முடிவு நான் வேலை பார்க்கும் கம்பெனியுடையது. வெளியே கொடுக்கமாட்டேன் என்று வேலைக்குச் சேர்ந்த அன்றே எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

"அது இல்லாம நாங்க என்ன பண்றதுங்க?" என்று அவள் என்னையே கேட்டாள்.

பாஸ்கரிடம் சொன்னேன். லேப்டாப்பை மூடிவிட்டுக் கேட்டான். "உன்னால முடிஞ்சத பண்ணிட்ட நிம்மி." இல்லை. முடிந்ததில் பாதிகூட இல்லை. எங்கள் ஃபிளாட் கட்டுவதற்கு முன் இங்கே என்ன இருந்தது என்று கேட்டேன். தெரியாது என்றான். எனக்கும் தெரியாது. வாங்கும்போது இருவரும் கேட்கவில்லை.

மார்ச் 22, சனி

விடுமுறை. அம்மாவிடம் கோயிலுக்கு என்று சொல்லிவிட்டுப் பேருந்தில் அம்பத்தூர். எதற்குப் பொய் சொன்னேன் என்று தெரியவில்லை.

கம்பெனி கேட் திறந்திருந்தது. செங்கல் குவியல் இல்லை. பின்பக்கம் முழுவதும் புதுச் செம்மண் கொட்டிச் சமன் செய்துவிட்டார்கள். ஏழுமலையை மாதக் கடைசியோடு நிற்கச் சொல்லியிருக்கிறார்கள். வேறு வேலை தேடிக் கரையான்சாவடி போயிருந்தார். அம்சா மட்டும் வெளியே இருந்தார். மகள் உள்ளே படுத்திருந்தாள்.

வாசலில் நின்றே சொன்னேன். இந்தத் தண்ணீரைக் குடிக்க வேண்டாம், சமைக்க வேண்டாம், முக்கியமாக மகள்.

"நல்லாத்தான கீது கண்ணு? நாத்தம்கூட இல்ல."

"பாத்தா தெரியாதும்மா. காய்ச்சினாலும் போகாது."

"லாரி தண்ணி நாலு நாளைக்கு ஒருக்காதான் வருது. வராத நாளு இன்னா பண்றது?"

கேன் தண்ணீர் என்று வாய்வரை வந்தது. சொல்லவில்லை.

பம்பைத் திரும்பிப் பார்த்தார். பிறகு, "கவுன்சிலராண்ட கேக்கலாம். நான் சொன்னா நம்ப மாட்டாங்கோ. நீ எழுதிக் குடு" என்றார்.

இந்த நோட்டிலிருந்துதான் ஒரு தாள் கிழித்தேன். பம்புத் தண்ணீரில் குரோமியம் கலந்திருக்கிறது, குடிக்க, சமைக்கத் தகுதியற்றது, இந்த வீடுகளுக்குத் தினமும் வேறு தண்ணீர் தேவை. பெரிய எழுத்தில். அம்சா வாங்கி ஒவ்வொரு எழுத்தாகப் படித்தார். முடிக்கக் காத்திருந்தேன்.

"யாரு சொன்னான்னு கேப்பாங்களே. பேரு போடலியே கண்ணு?"

தாளைத் திருப்பி வாங்கினேன். நிர்மலா என்று எழுதினேன். இனிஷியல் போடவில்லை.