ஐம்பது அடிக்கு ஒன்பது அடி குறைவு

சிவமயம்

வெகுதானிய வருடம் ஆவணி மாதம் 14ந் திகதி

அன்பு மகள் கனகாம்பிகைக்கு,

இங்கே நானும் அம்மாவும் குறையொன்றும் இல்லாமல் இருக்கிறோம், சிரம்பானில் நீ, மருமகப்பிள்ளை, குழந்தை மூவரும் அப்படியே இருக்கச் சந்நிதி முருகன் துணை. உன் கடிதம் போன கிழமை கிடைத்தது. குழந்தைக்குப் பல் முளைத்த செய்தியை அம்மா அயலெல்லாம் சொல்லிவிட்டாள். அவளுடைய முழங்கால் நோ குறைந்திருக்கிறது, ஆனாலும் கிணற்றடிக்குத் தனியே போக வேண்டாம் என்றால் கேட்பதில்லை. கிழக்கு வேலி அடைத்தாயிற்று, மழைக்கு முன் கூரையும் வேய வேண்டும்.

இனி, நான் செய்த ஒரு காரியத்தை உனக்கு எழுத வேண்டும், எங்கே தொடங்குவது என்று இரண்டு நாளாக யோசித்தேன். நம் ஒழுங்கையில், வேலிக்கு அப்பால், கோழி வளர்த்து நெல்லியடிச் சந்தையில் முட்டை விற்கும் செபமாலையை உனக்குத் தெரியும், புருஷன் காய்ச்சலில் போனபின் இரண்டு பெண்பிள்ளைகளையும் அவள் அதில்தான் வளர்க்கிறாள். அவளுக்கு அடுத்த வளவுச் சோமசேகரத்தின் மனைவிக்கு ஆனிக் கடைசியில் ஆண்பிள்ளை பிறந்தது. வருத்தப்பட்டுப் பெற்ற பிள்ளை. விடிய நாலு மணிக்கு முன்னரே செபமாலையின் சேவல் கூவத் தொடங்கிவிடுகிறது என்று சோமசேகரம் என்னிடம் வந்து, "பகலிலை எவ்வளவும் கூவட்டும் அண்ணை, நான் ஒண்டும் சொல்லேல்லை. அவள் கண் மூடினால்தானே பால் ஊறும்" என்று கிட்டத்தட்ட அழுதார். அவரையும் குறை சொல்ல முடியாது. கிராமச் சங்கத்துக்கு முறைப்பாடு எழுதினார். அயலில் ஆட்கள் நித்திரை கொள்ளும் இடத்துக்கு ஐம்பது அடிக்குள் கோழிக்கூடு இருக்கக்கூடாது என்று சங்கத்தில் ஒரு விதி உண்டு. நில அளவைக் கந்தோரில் முப்பத்தொரு வருடம் இருந்தவன் என்று என்னையே அளக்கச் சொன்னார்கள். பிள்ளைப்பேற்றுத் தீட்டான துடக்குக் கழியும்வரை தாயும் பிள்ளையும் இருக்கவென்று வேலியோரம் தென்னோலைக் கிடுகால் ஒரு கொட்டில் போட்டிருந்தார்கள். நித்திரை கொள்ளும் இடம் என்று விதி சொல்கிறது, ஆகவே கொட்டிலிலிருந்து கூடுவரை மூன்று முறை அளந்தேன், மூன்று முறையும் நாற்பத்தொரு அடி. ஒரு மாதத்துக்குள் கூட்டை எடுக்கும்படி செபமாலைக்குக் கட்டளை போயிற்று. அவள் வளவு ஒடுக்கம், எடுத்து வைக்க வேறிடம் இல்லை.

பிள்ளை பிறந்து முப்பத்தோராம் நாள், துடக்குக் கழித்த சாப்பாட்டுக்குச் சோமசேகரம் வீட்டுக்குப் போனபோது கொட்டிலைப் பிரித்துக் கிடுகை அடுக்கி வைத்திருந்தார்கள். தாயும் பிள்ளையும் வீட்டுக்குள். வீட்டுச் சுவரிலிருந்து அளந்தால் அறுபத்துமூன்று அடி. ஒரு மாதம் மட்டும் நிற்கும் கொட்டிலை நான் வீடாகக் கணக்கிட்டுவிட்டேன். அன்றைக்கே செபமாலையிடம் போய்ச் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் இந்தப் புது முடிவும் பிழையாக இருந்தால் என்ன செய்வது என்று பயந்து, படம் கீறி, விதியைத் திரும்பத் திரும்ப வாசித்து, சங்கம் கூடட்டும் என்று பன்னிரண்டு நாள் பேசாமல் இருந்தேன்.

முந்தாநாள் கூட்டத்தில் எழுந்து நின்றேன். அக்கிராசனர், "நமசிவாயத்தார், நீங்கள் அளந்ததே பிழை எண்டு நீங்களே சொல்லுறியளோ?" என்றார். பின்னாலிருந்து யாரோ, "நாடா வெயிலிலை இழுபட்டிருக்கும்" என்று சொல்லச் சிரித்தார்கள். அளவு சரி, அளந்த இடம் பிழை என்றேன். உரத்துச் சொல்லும்படி கேட்டார்கள், மறுபடி சொன்னேன். சோமசேகரம் எழுந்து, "ஓம், கொட்டில் பிரிச்சாச்சு. என்ரை முறைப்பாடு சேவலோடைதான்" என்றார். கூடு இருக்கலாம், சேவலை மட்டும் பொழுதுபடப் பெட்டியில் அடைத்துச் சாக்குப் போட்டு மூடி, வெயில் ஏறியபின் திறக்க வேண்டும் என்று முடித்தார்கள்.

நேற்றுக் காலை இதைச் சொல்லப் போனேன். கூட்டில் சேவலும் ஓர் அடைக்கோழியும்தான் நின்றன. மற்ற ஒன்பதையும் போன சனிக்கிழமை நெல்லியடியில் ஒரு கோழி வியாபாரியிடம் கொடுத்துவிட்டாளாம். "நீங்கள் அளந்தது எண்டபடியால் நான் மறுகதை கதைக்கேல்லை ஐயா" என்றாள். என் பிழை கொட்டில் பிரித்த நாளே எனக்குத் தெரியும் என்று சொன்னேன். சொல்லாமல் வந்திருக்கலாம், அவளுக்குத் தெரியவே வராது. கொஞ்சநேரம் முற்றத்தைக் கூட்டிக்கொண்டு நின்றாள். பிறகு, "வேலிக்கு அங்காலைதானே இருக்கிறியள். ஒரு குரல் வைச்சிருக்கலாம்" என்றாள்.

அந்த வியாபாரியை விசாரித்துவிட்டேன். ஐந்து கோழி இன்னும் அவனிடம் நிற்கின்றனவாம். நாளைக்கு முதல் பஸ்ஸில் போய் மீட்டுக்கொண்டு வரப்போகிறேன், சோமசேகரமும் கூட வருகிறார். நம் வளவில் கோழி வளர்ந்ததில்லை, நான் ஒன்றைத் தொட்டதும் இல்லை. எப்படித் தூக்குவது என்று இன்று செபமாலையிடம் வேலியருகே நின்று கேட்டேன். அவள் முகத்தில் அப்போதுதான் சிரிப்பு வந்தது. "இரண்டு செட்டையையும் முதுகிலை சேர்த்துப் பிடியுங்கோ ஐயா. பயந்து பயந்து பிடிச்சால் கொத்தும்" என்றாள்.

மருமகப்பிள்ளைக்கு என் அன்பைச் சொல். குழந்தையின் படம் ஒன்று அடுத்த கப்பலில் அனுப்ப மறக்க வேண்டாம், அம்மா ஒவ்வொரு நாளும் கேட்கிறாள். நீங்கள் மூவரும் நோய் நொடியின்றி நீடு வாழ முருகன் அருள் புரிவானாக.

உன் நலம் விரும்பும் ஐயா,
ஆ. நமசிவாயம்