வாய்விட்டு அழ ஓர் ஆள்

பேரப்பிள்ளைகளின் தாத்தாவுக்குக் கும்பிட்டு எழுதுவது. இருமல் தணிந்ததா? நான் சுகம்.

இந்தச் சீமையில் நான் பார்த்துக்கொண்ட வெள்ளைக்கார அம்மாள் செவ்வாயன்று இறந்துபோய்விட்டார். பெற்ற பிள்ளைகளே சத்தமில்லாமல் நின்றார்கள். மனசு கேட்காமல் நான் ஒப்பாரி வைத்துவிட்டேன். நம் பாஷை பேசும் நர்ஸ் பெண்தான் என்னை வெளியே கூட்டிவந்தாள்.

"இதுக்கு இங்கிலீஷ்ல 'கீன்'னு பேரு பாட்டி. ஐரிஷ் பாஷையில அழறதுக்கான வார்த்தையிலேருந்து வந்தது. ஆர்வத்தையும் கீன்னுதான் சொல்வாங்க, ஆனா அதோட பொறப்பு வேற."

"பேரு வச்சிருக்காங்கல்ல, அப்புறம் ஏன்டி ஒருத்தரும் அழல?"

"அழறவங்க போயிட்டாங்க பாட்டி, பேருதான் மிச்சம்."

என் அம்மா சாவில் தொண்டை கட்டிவிட்டது என்று ஒப்பாரி வைக்காமல் நின்ற உங்கள் அக்கா, அன்று மதியமே சோற்றில் உப்பில்லை என்று தெருவே கேட்கக் கத்தினாள். நான் மறக்கவில்லை.

முட்டிவலித் தைலம் அனுப்புங்கள். அடுத்து நான் வேலைக்குப் போகும் வீட்டிலிருந்து வண்டி வந்துவிட்டது. எனக்கு இங்கே ஒன்று ஆகிவிட்டால் ஒப்பாரி வைக்க உங்கள் அக்காவைக் கூப்பிடாதீர்கள். ஆண்பிள்ளை என்று பார்க்காமல் நீங்களே வாய்விட்டு அழுங்கள்.