சுவரில் இருந்த பாவாடை அளவுகள்

ஐப்பசி 5, செவ்வாய்

தையல் அறைக்குச் சுண்ணாம்பு அடிக்க தேயிலைத் தோட்டத் தொழிலாளர் லயத்திலிருந்து மாரிமுத்து வந்தார். ஈரமேறிய பழைய பூச்சைச் சுரண்டியபோது ஜன்னலோரம் பென்சில் எழுத்து தெரிந்தது. தீபாவளிக்குத் தீபாவளி ஒரு பாவாடை அளவு: பதினான்கு அங்குலம், பதினாறு, பதினெட்டு. அதற்குக் கீழே ஒன்றுமில்லை.

“முன்னாடி இங்க இருந்த கணக்கப்பிள்ளையம்மா எழுதுனதுங்க, அவங்க பொண்ணுக்கு.”

“ஏன் பதினெட்டோட நின்னுபோச்சு?”

“அந்த வருஷம் காய்ச்சல் வந்துச்சுங்க. புள்ள தங்கல. இது மேலயும் அடிச்சிரவாங்க?”

ஏன் கேட்டேன் என்று இருக்கிறது. அடிக்கச் சொன்னேன். இரண்டு பூச்சு காய்ந்த பிறகும் அந்தக் கடைசி வரி மங்கலாகத் தெரிகிறது.

என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். “இந்த நமுனுகுல மலை ஈரத்துல சுண்ணாம்பு எங்க பிடிக்கும்? நாளைக்கு இன்னொரு பூச்சு அடிக்கச் சொல்லு” என்கிறார்.

மாலையில் தீபாவளிப் பாவாடைக்காக எங்கள் மகள் வள்ளியை நிற்க வைத்து, இடுப்பிலிருந்து கணுக்கால் வரை அளந்தேன். நாடாவைத் திருப்பிப் பிடித்து மறுபடியும் அளந்தேன். அதே பதினெட்டு.

வளரும் பிள்ளை என்று வழக்கமாக ஓர் அங்குலம் கூடுதலாக விட்டு உள்ளே மடித்துத் தைப்பேன். இன்று ஆறு அங்குலம் விட்டு வெட்டியிருக்கிறேன்.