முகமூடி போடாத பிள்ளை

செவ்வாய்க்கிழமை, இரவு

மாதாவே, இந்த நேரத்தில் எழுதுவதற்கு மன்னித்துக்கொள்ளும். அனு இப்போதுதான் உறங்கினாள்.

பள்ளிக்கூடம் விடுமுறை என்பதால் அவளையும் நான் வேலை செய்யும் இத்தாலியச் சின்யோராவின் வீட்டுக்குக் கூட்டிப்போனேன். சின்யோராவின் மகன் புதுக் காமிக்ஸ் ஒன்றைக் காட்டினான். பழைய பத்திரிகைத் தொடரில் வந்த காட்டு வீரனை இப்போது புதிதாக வரைந்திருக்கிறார்கள். அவனுடைய முகமூடியை இம்முறை ஒரு கறுத்த பெண் போடுகிறாள்.

"அம்மா, இவ என்னை மாதிரி" என்றாள் அனு. விளையாட்டில் தான்தான் வீரன் என்றாள்.

அவன் உள்ளே போய்த் தாத்தாவின் பழைய புத்தகத்தைக் கொண்டுவந்து விரித்தான். அதில் வெள்ளை வீரன் முன்னே நடக்க, கறுத்தவர்கள் பெட்டி சுமக்கிறார்கள். இதுதான் உண்மையான கதை, நீ பெட்டியைத் தூக்கு என்றான். பழையதுதான் எப்போதும் நல்லது என்று சின்யோரா சிரித்தார்.

அனு என்னைப் பார்த்தாள். இந்த நாட்டில் தங்கும் அனுமதியான பெர்மெசோவைப் புதுப்பிக்கச் சின்யோராவின் கையெழுத்து வேண்டும். ஊரில் பல்கலைக்கழகம் வரை படித்தவள் நான்.

"தூக்கு குஞ்சு, விளையாட்டுத்தானே" என்றேன்.

தூக்கினாள். பிறகு எங்கள் போர்கோ வெக்கியோவுக்கு நடந்து வந்தோம்.

வீட்டில் இவர் கேட்டார், "அங்கை என்ன விளையாடினனீ?"

"நான் அம்மாவா விளையாடினனான்."

இவர் சிரித்தார்.

நாளைக்கும் விடுமுறைதான். அவளை மறுபடியும் கூட்டிப்போகவா, மாதாவே? கெதியாகப் பதில் சொல்லும்.