கோதோடு வாங்கிய முட்டைகள்

அன்பிற்குரிய அஞ்சலைக்கு,

உனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அதனால் எழுதி முடித்தபின் இதை உரக்க வாசிப்பேன்.

இன்று மத்தியானம் பாரோயில், மகள் ரதியின் வீட்டில், சலாது செய்தேன். வெள்ளரி, தக்காளி, பயற்றங்காய், வல்லாரை, அவித்த முட்டை. எண்பத்தெட்டு வயதிலும் வெள்ளரியை ஒரே கனத்தில்தான் நறுக்குகிறேன். கான்வென்ட்டில் சிஸ்டர் பழக்கியது அது. முதன்முறை அதைப் பார்த்துவிட்டு நீ சிரித்தாயே: "பச்ச எலையத் திங்க ஆடு போதும்லா, கிராணியம்மா. இதுக்கா கான்வென்ட்டு போனீங்க?"

உனக்குத் தெரிந்ததுதான், பின்னால் இதை எடுத்து வாசிப்பவர்களுக்காகச் சொல்கிறேன். என் கணவர் ரப்பர் தோட்டத்து ஆபீஸில் கிராணி, கணக்கு எழுதுபவர். உன் கணவர் பால்மரம் வெட்டியவர். ஜப்பான்காரன் இருவரையும் ஒரே லாரியில் சயாம் ரயில் வேலைக்கு ஏற்றிப் போனான். இருவருமே திரும்பவில்லை. அரிசி கிடைக்கவில்லை. மரவள்ளிக் கிழங்கை வைத்துக்கொண்டு நானும் இரண்டு வயது ரதியும் தனித்திருந்தோம். தொழிலாளர் லயத்தில் உன் வாசலுக்கு முன்னால் காய்கறிப் பாத்தியும் நான்கு கோழிகளும் இருந்தன.

காலையில் என் பின்வாசல் படியில் கூடை இருக்கும். பறித்த காய் ஏதாவது, இரண்டு முட்டை. எல்லாம் பச்சையாகவே. யாழ்ப்பாணத்திலிருந்து வந்த எங்கள் குடும்பங்கள் லயத்தில் விளைந்ததை வாங்கும், சமைத்ததைத் தொடாது. உன்னிடம் நான் இதைச் சொன்னதே இல்லை. யார் சொன்னார்கள் உனக்கு?

ஆகவே சலாது. சிஸ்டர் சொன்ன லெட்டூஸ் இல்லாததால் வல்லாரை, வினிகருக்குப் பதில் எலுமிச்சை, வெள்ளரி காய்க்காத நாளில் பப்பாளிக்காய். அவருடைய விதிகளை ஒவ்வொன்றாக விட்டேன். எங்கள் வீட்டு விதியை மட்டும் விடவில்லை.

ஒருநாள் குளிர்காய்ச்சலில் என்னால் எழ முடியவில்லை. முந்தைய நாளிலிருந்து ரதி பட்டினி. பின்கதவைத் தள்ளிக்கொண்டு முதன்முறையாக நீ உள்ளே வந்தாய். அடுப்பு மூட்டி முட்டையை அவித்து, கோதை உரித்து, வெள்ளரியைக் கோணல்மாணலாக நறுக்கி, எலுமிச்சை பிழிந்து, தட்டை என் தலைமாட்டில் வைத்தாய்.

"உரிச்சுப்போட்டியோ?" என்றேன். "கோதோடை வச்சிருக்கலாமே. எனக்கு இப்ப பசிக்கேல்லை."

நீ தட்டைப் பார்த்தாய். பிறகு உன் கைகளைப் பார்த்தாய்.

"கழுவிட்டுத்தாம்மா உரிச்சேன்."

நான் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"சரி, புள்ளைக்குக் குடுக்கிறேன். அதுக்கு இன்னும் இந்தச் சட்டமெல்லாம் தெரியாதுலா" என்றாய். ரதி மென்று விழுங்கும் சத்தம் கேட்டுக்கொண்டே படுத்திருந்தேன்.

மறுநாள் கூடையில் முட்டைகள் கோதோடு இருந்தன. மன்னித்துக்கொள் என்று சொல்ல நினைத்தேன். சொல்லவில்லை. இரண்டு வாரத்தில் அதே காய்ச்சல் உன்னைக் கொண்டுபோயிற்று. மருந்து எங்கும் கிடைக்கவில்லை. அந்த நாள்களில் நீ ஒரு முட்டையாவது தின்றாயா, அஞ்சலை? நான் ஏன் கேட்கவில்லை?

தாயும் தகப்பனும் இல்லாமல் நின்ற உன் மகள் பாக்கியத்தைப் படிக்கவைத்தேன். அதில் எனக்குப் பெருமைதான். இப்போது பக்கத்து ஊரான ராசாவில் பேரன் பேத்திகளோடு இருக்கிறாள். தீபாவளிக்குத் தவறாமல் போவேன். அங்கே நான் தொடுவது உரிக்காத வாழைப்பழம் ஒன்று, என் கண்முன்னே மூடி திறந்த கலர் சோடாப் போத்தல் ஒன்று. சோற்றுக்கு அழைத்தால் சர்க்கரை வியாதி என்பேன். அது பொய்.

போன தீபாவளியன்று அவள் கேட்டே விட்டாள். "சின்னம்மா, அறுவது வருசமா எங்க வீட்ல வாழப்பழமும் போத்தலும்தான். எங்க சட்டியத் தொறந்தா பேய் வரும்னு பயமாலா?"

பிள்ளைகள் எல்லாரும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. உன் முகம் அப்படியே.

நேற்று நானே தொலைபேசியில் அழைத்து, வரும் ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்கு வருகிறேன் என்றேன். ஞாயிறா என்று பாக்கியம் இரண்டு தடவை கேட்டாள். பிறகு, "மீன் கொழம்பு வைக்கட்டுமா?" என்றாள். எது வைத்தாலும் சரி என்றேன்.

அவள் கையால் பரிமாறும் சோற்றை உட்கார்ந்து உண்பேன். இது உனக்கு என் வாக்கு. உன் கையால் உண்ணாமல் விட்டதற்கு இது ஈடாகாது. அது எனக்குத் தெரியும், அஞ்சலை.

உன் மகளுக்குச் சின்னம்மா என்றால் உனக்கு நான் யார்? இந்த வயதில்தான் அப்படிக் கையெழுத்திடத் துணிகிறேன்.

உன் தங்கை,
பரமேஸ்வரி