ராசு வைத்த பேனலும் அப்பா காயப்போட்ட மிளகும்

என் தங்கத் தம்பி ராசுவுக்கு,

நலமா என்று கேட்டு எழுத முடியாத இடத்துக்குப் போய்விட்டாய். அதனால் இங்கே நடந்ததை மட்டும் சொல்கிறேன். சலிப்பாக இருக்கிறது ராசு. உட்கார்ந்தால் எழுந்திருக்கவே தோன்றவில்லை.

நீ பாட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டாய். நீ வைத்த சோலார் என் தலையில் விழுந்தது. விடிந்ததும் ஈரத்துணியோடு போய்ப் பேனலைத் துடைக்கிறேன். பேட்டரிக்கு ஊற்றும் தண்ணீர் வாங்க செம்மேட்டுக்குப் பஸ் ஏறுகிறேன். கடைக்காரர் ஒரு தடவை, "ஏனுங்க, ஊட்டுல ஆம்பளைங்க யாரும் இல்லீங்களா?" என்றார். "இருந்தானுங்க. அவன் வெச்சுட்டுப் போனதுக்குத்தான் தண்ணி ஊத்தீட்டு இருக்கறேன்" என்றேன்.

கரண்ட் கம்பி வராத நம் காட்டு வீட்டில் இதை எதற்காக வைத்தாய் என்பதை நான் மறக்கவில்லை. உன் மகள் மலருக்கு மூச்சிரைப்பு வந்தபோது உன் பெண்டாட்டி செல்வி அழுதாள். கீழே தன் அம்மா வீட்டில் கரண்ட் இருக்கிறது, மருந்து ஆவி பிடிக்கும் மெஷினை நினைத்த நேரத்தில் ஓட்டலாம், போய்விடலாம் என்றாள். நீயோ மலையை விட்டு இறங்கமாட்டேன் என்று ஒற்றைக்காலில் நின்றாய். எங்கிருந்தோ பழைய பேனலும் பேட்டரியும் இன்வெர்ட்டரும் பிடித்து லாரியில் ஏற்றி வந்தாய். ரோட்டிலிருந்து எல்லோருமாகத் தூக்கி வந்து வைத்ததும், "கரண்ட்டு நம்ம ஊட்டுக்கே வந்துருச்சு பாரு" என்று அவளைப் பார்த்துச் சிரித்தாயே, அந்தச் சிரிப்பைத்தான் இன்னும் என்னால் கடக்க முடியவில்லை.

முதலில் மெஷின், பிறகு லைட்டு, மிச்சம் இருந்தால்தான் போன் சார்ஜ் என்று நீ ஒரு சட்டம் வைத்திருந்தாய். உனக்கென்ன, யாராக இருந்தாலும் முகத்துக்கு நேராகச் சொல்லிவிடுவாய். எனக்கு அந்த வாய் இல்லை. பக்கத்துக் காட்டுக்காரர்கள் ஒரு கையில் போனும் இன்னொரு கையில் மரவள்ளிக்கிழங்குமாக வந்து நிற்பார்கள். கீழே மில்லில் வேலை செய்யும் மகள் சாயங்காலம் கூப்பிடுவாள் என்று சொல்கிறவரிடம் எப்படி இல்லை என்பது? இப்படியே ஓட்டி ஓட்டிப் பேட்டரியும் என்னைப்போல் ஓய்ந்துவிட்டது.

போன மாசியில் செல்வியும் நானும் மேல்காட்டில் மிளகு பறித்துக்கொண்டிருந்தோம். அப்பா வீட்டில் இருந்தார். வழக்கமாகப் பாறையில்தான் மிளகு காயப்போடுவார். இந்தத் தடவை கோழி வந்து கிளறுகிறது என்று, பாறைக்குப் பக்கத்தில் கால் நட்டு நீ நிறுத்தியிருந்த பேனல்மேல் சாக்கை விரித்து, மிளகு உருண்டு விழாமல் இருக்க ஓரத்தில் மூங்கில் பட்டையும் கட்டி, அங்கே பரப்பிவிட்டார்.

பொழுது சாயும்போது வந்து பார்த்துத் தலையில் கை வைத்தேன். "என்னப்பா பண்ணி வெச்சிருக்கீங்க?"

"வெயிலு பூராவும் அதுமேலதான உழுகுது கண்ணு. மொளகு எவ்வளவு தின்னுரும்? மிச்சத்த அது எடுத்துக்காதா?"

எனக்குச் சிரிப்புதான் வந்தது. மிளகு என்னவோ அருமையாகக் காய்ந்திருந்தது.

அன்றைக்குப் பார்த்துப் பனி இறங்கியது. மலருக்கு இழுக்க ஆரம்பித்தது. செல்வி மெஷினோடு வரும் மூக்கு மூடியைப் பிள்ளையின் முகத்தில் வைத்து ஓட்டினாள். மருந்து பாதிகூடப் போகவில்லை, இன்வெர்ட்டர் கீச்கீச்சென்று கத்திவிட்டு அணைந்தது. செல்வி மூடியை எடுக்காமல் அப்படியே பிடித்துக்கொண்டிருந்தாள். நான் பிள்ளையை முதுகில் போட்டுக்கொண்டு ரோட்டுக்கு ஓடினேன். வந்த ஜீப்பை மறித்து ஏறினோம். ஆஸ்பத்திரியில் பிள்ளை பிழைத்துக்கொண்டாள். கூடவே வந்த அப்பா ஆஸ்பத்திரி வாசலிலேயே உட்கார்ந்திருந்தார். உள்ளே வரவே மாட்டேன் என்றுவிட்டார்.

வீடு திரும்பிய பிறகு செல்வி யாரையும் ஒரு சொல் சொல்லவில்லை. சண்டை போட்டிருந்தால்கூடத் தேவலை. தினமும் சாயங்காலம் பேட்டரி முன்னால் போய் நின்று பார்த்துவிட்டு வருவாள். உன் ஆசையாச்சே என்று வாயைக் கட்டிக்கொண்டிருக்கிறாள் என்பது எனக்குப் புரிந்தது. கடைசியில் நானே சொன்னேன்.

"செல்வி, பாப்பாவக் கூட்டீட்டு உங்கம்மா ஊட்டுக்குப் போயிரு சாமி."

"அவரு இருந்தா உட்டிருப்பாருங்களாக்கா?"

"அவன் இல்லையே. இருக்கறது நானு. நான் சொல்றேன், போ."

கோபமா ராசு? அந்த மூடியைப் பிடித்திருந்த கையை நீ பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பாய்? இதை யாரிடம் கேட்பது?

மெஷினை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வளைவு வளைவாக இறங்கி, நானே கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தேன். மலர் அங்கே பள்ளிக்கூடம் போகிறாள், நன்றாக ஓடியாடுகிறாள் என்கிறார்கள். அன்றைக்கு நடந்ததைக் கேள்விப்பட்ட காட்டுக்காரர்கள் வெட்கப்பட்டுக்கொண்டு போனைக் கொண்டுவருவதையே நிறுத்திவிட்டார்கள். கொண்டுவாருங்கள் என்று நானாகச் சொல்லியும் வரவில்லை. அப்பா பேனல் இருக்கும் பக்கமே போவதில்லை.

இப்போதெல்லாம் பேட்டரி தினமும் நிறைந்து கிடக்கிறது. ஓட்டுவதற்குத்தான் ஒன்றுமில்லை. என் போனுக்கு மட்டும் சார்ஜ் போடுகிறேன். அதில்தான் மலர் கூப்பிடுகிறாள்.

"அத்தை, நான் எப்ப மேல வாரது?"

வா கண்ணு என்று நாக்கு நுனி வரைக்கும் வந்துவிடுகிறது. வீடு அப்படி வெறிச்சென்று கிடக்கிறது. ஆனால் அந்த வார்த்தையைச் சொல்லமாட்டேன் ராசு. நீயே கனவில் வந்து கெஞ்சினாலும் சொல்லமாட்டேன். பார்க்க வேண்டும்போல் இருந்தால் நான் இறங்கிப் போவேன். இது உனக்கு நான் கொடுக்கும் வாக்கு.

உன் பேச்சை மீறிவிட்ட
உன் அக்கா