அடிக்கிற பயிற்சியாளர்

அன்புள்ள அப்பாவுக்கு,

முழங்கால் வலி குறைந்ததா? நான் சுகம், இங்கே இக்காஸ்ட் ஊரில் மழைதான்.

சனிக்கிழமை இங்குள்ள பழைய மாணவர் சங்கத்தில், ஊரில் நம் கல்லூரி ஆடிய கால்பந்துப் போட்டியை நேரலையில் பார்த்தோம். மறுபடியும் தோல்வி. இடைவேளையில் பயிற்சியாளர் கோல் காப்பாளனைக் கன்னத்தில் அறைந்தார். இங்கே சிலர் கைதட்டினார்கள். நீங்கள் கேட்டபடி, அவரை மாற்றச் சொல்லிக் கல்லூரிக்கு எழுதுவோம் என்றேன்.

"அக்கா, நாங்களும் அடி வாங்கித்தானே கப் எடுத்தனாங்கள்," என்றார் சங்கத் தலைவர் அருள்நேசன்.

"உங்கட மகனுக்கு இஞ்ச இருக்கிற கோச் அடிச்சா?" என்று கேட்டேன்.

"பொலிசுக்குப் போவன்!"

எல்லோரும் சிரித்தார்கள். ஒருவரும் கையெழுத்திடவில்லை. இனி எங்களை நம்பியிருக்க வேண்டாம், அப்பா.

அடுத்த போட்டிக்குத் தொப்பி போட்டுக்கொண்டு போங்கள், அங்கே வெயில். முடிந்ததும் அழையுங்கள். இந்த அணியைப் பற்றிக் கதைக்க எனக்கு இங்கே ஆளில்லை.

வேலைக்கு நேரமாகிவிட்டது.

மகள்,
றெஜினா